வெண்டல் க்ருப்கா திருப்பிப் பார்க்காத பக்கம்

அமெரிக்க அதிபர் யார் என்பதை வெண்டல் க்ருப்காதான் முடிவு செய்கிறார். இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். நாட்டின் தலையெழுத்து ஏழெட்டு மாநிலங்களின் கையில் இருக்கிறது. அதில் விஸ்கான்சின் ஒன்று. விஸ்கான்சினில் எங்கள் வடகோடி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் மாநிலம் சாயும். வடகோடியில் எல்க் ரன் என்ற எங்கள் ஊர் போகிற வழியில்தான் மாவட்டம் போகும். எல்க் ரன்னில் வெண்டல் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். கணக்கு சரியாகத்தான் வருகிறது. அந்த நாலு பேர் யார் என்பது மட்டும் முப்பத்தைந்து வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

காகித ஆலையில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகுதான் அவருக்கு முழுநேர வேலை கிடைத்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு டிவியைப் போட்டுவிட்டு அதனோடு சண்டை பிடிக்க ஆரம்பித்தால், மத்தியானம் சூப்பைச் சுடவைக்கத்தான் எழுந்திருப்பார். மனைவி ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அரிசோனாவுக்குப் போய்விட்டாள். அதுவும் தேர்தலில் முக்கியமான மாநிலம் என்பதால் வெண்டலுக்குப் பெரிய வருத்தமில்லை. அவர் எந்தக் கட்சி என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப் பேர் இங்கேயே நிறுத்திவிட்டு எழுந்துபோவீர்கள், மீதிப் பேர் அவரை நல்லவர் என்று நினைத்துவிடுவீர்கள்.

பென்சில்வேனியாவில் எந்த மாவட்டத்தில் போன தடவை எத்தனை சதவீதம் பதிவானது என்று கேளுங்கள், தசமப் புள்ளியோடு சொல்வார். எங்கள் ஊர்மன்றத் தலைவர் யார் என்று கேட்டால் முழிப்பார். அந்தத் தலைவர் தினமும் வெண்டலின் வீட்டு வழியாகத்தான் போகிறார். அவரைக் காஸ் சிலிண்டர் கொண்டுவருகிற ஆள் என்று நினைத்து வெண்டல் ஆறு வருஷமாகக் கையாட்டிக்கொண்டிருந்தார். ஏப்ரல் மாதம் வரும் ஊர்த் தேர்தலுக்கு அவர் ஒருமுறைகூட வந்ததில்லை. அதிபர் தேர்தலுக்கு எழுநூறு பேர் வரிசையில் நிற்கிற இடத்தில் ஏப்ரலில் அறுபது பேர் வந்தாலே நாங்கள் கேக் வெட்டாத குறைதான். சாலை, சாக்கடை, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் அந்த அறுபது பேர்தான் தீர்மானிக்கிறார்கள். மற்றவர்கள் உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், தபால் வண்டி ஓட்டிய நாளிலிருந்தே ஒவ்வொரு தேர்தலுக்கும் நான் வாக்குச்சாவடி மேசையில் உட்காருகிறேன். சீட்டைக் கையில் கொடுப்பவள் நான்தான்.

வெண்டலுக்கு ஒரு அக்கா. ஆர்டிஸ் என்று பெயர். முப்பத்தொரு வருஷமாக எல்க் ரன்னின் ஆம்புலன்ஸை நடத்திவருபவள். எழுபத்திரண்டு வயதிலும் இடுப்பில் வாக்கிடாக்கியைச் செருகிக்கொண்டுதான் சர்ச்சுக்கு வருவாள். அது கீச்சிட்டால் பிரசங்கத்தின் நடுவே எழுந்து ஓடுவாள். பாதிரியாரும் நிறுத்தமாட்டார். ஒரே வண்டி, அவளோடு சேர்த்து ஐந்து பேர், அதில் இளையவருக்கு ஐம்பத்து நாலு வயது. நான்கு வருஷத்துக்கு முன் வேட்பாளர் விவாதத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்த வெண்டல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, ஒன்பதாவது நிமிஷத்தில் வந்து அவர் மார்பில் ஏறி அமுக்கி உயிரை மீட்டவளும் அவள்தான். கண் திறந்ததும் வெண்டல் கேட்ட முதல் கேள்வி, விவாதத்தில் யார் ஜெயித்தார் என்பது.

அந்த ஆம்புலன்ஸுக்குத்தான் ஆபத்து வந்தது. சொத்துவரியைக் கொஞ்சம் உயர்த்தினால் ஒழிய டிசம்பர் முடிவோடு வண்டியை நிறுத்திவிட வேண்டியதுதான் என்று ஊர்மன்றம் கையை விரித்தது. அதற்கப்புறம் யாருக்காவது மூச்சு நின்றால் நாற்பது மைல் தள்ளி மாவட்டத் தலைநகரிலிருந்து வண்டி வரவேண்டும். பனிக்காலத்தில் அது வந்து சேரும்போது நோயாளிக்கு அவசரம் எதுவும் இருக்காது. வரியை உயர்த்த ஊராரின் சம்மதம் வேண்டும். ஆகவே நவம்பர் வாக்குச்சீட்டிலேயே அந்தக் கேள்வியையும் அச்சடித்தார்கள். ஆம், இல்லை, இரண்டே வட்டம். அதிபர், செனட்டர், அவர் இவர் என்று முன்பக்கம் நிரம்பி வழிந்ததால் ஆம்புலன்ஸ் பின்பக்கத்துக்குப் போய்விட்டது.

ஆர்டிஸுக்கு அதில் ஓட்டே கிடையாது என்பதுதான் வேடிக்கை. அவள் வீடு ஊர் எல்லையைத் தாண்டி இருநூறு அடி அந்தப் பக்கம். முப்பத்தொரு வருஷம் இந்த ஊர்க்காரர்களின் மார்பை அமுக்கியவள், இந்த ஊர்ச் சீட்டில் ஒரு வட்டத்தைக் கருப்பாக்க முடியாது. தம்பியைக் கூப்பிட்டு, எனக்கும் சேர்த்து நீ போட்டுவிடு என்று சொன்னாள். அவள் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்று கேட்டாள்.

வெண்டலும் சும்மா இருக்கவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். தன் புல்வெளியில் ஆம்புலன்ஸுக்கு ஆதரவாகப் பதினான்கு பலகை நட்டார். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குக் கூடும் கூட்டத்தில், வரி உயர்வை எதிர்ப்பவர்களின் தலைவரான உருளைக்கிழங்கு விவசாயி ராய்ஸ் டெம்மரோடு தொண்டை வற்றச் சண்டை போட்டார். தேர்தல் நாளில் காரில்லாத ஏழு கிழவிகளைத் தன் டிரக்கில் ஏற்றி வந்து இறக்கினார். அந்த ஏழு பேரும் ஆம் என்று போட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

முதல் ஓட்டு தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று அன்று காலை ஏழு மணிக்கு முன்பே, பனிவாரி வண்டியும் ஆம்புலன்ஸும் நிற்கும் கொட்டகையை ஒட்டின எங்கள் ஊர்மன்றத்தின் வாசலில் வந்து நின்றவர் வெண்டல். பெயரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நான் சீட்டை நீட்டினேன். நீட்டும்போது சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று உண்டு: ரெண்டு பக்கமும் இருக்கு. அதைச் சொன்னேனா? சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் அந்த நேரத்தில் எங்கள் ஊர் கிளார்க் ஜோலீனிடம், எண்ணும் இயந்திரத்துக்கு இன்டர்நெட் தொடர்பு உண்டா, அதன் வழியாக வெளிநாட்டுக்காரன் நுழைவானா என்று குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார். அந்த இயந்திரம் சுவரில் உள்ள மின்சாரம் தவிர வேறு எதோடும் தொடர்பில்லாதது. நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்காது. நான் இரண்டாவது முறை சொல்லவில்லை. இது என் பங்கு.

மாலையில் எண்ணி முடித்தோம். எழுநூற்று நாற்பத்து மூன்று பேர் வந்திருந்தார்கள், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. மறுவாரம் மாவட்டப் பத்திரிகை எங்கள் ஊரை ஜனநாயகத்தின் விளக்கு என்று எழுதியது. பின்பக்கக் கணக்கு இது: ஆம் முந்நூற்றொன்று, இல்லை முந்நூற்றொன்று. மீதி நூற்று நாற்பத்தொரு விளக்குகள் சீட்டைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.

சரிசமமாக வந்தால் தோல்வி என்பது சட்டம். ஆர்டிஸ் அந்த முடிவைக் கேட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போய் வண்டியைக் கழுவ ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

இது மோசடி என்று வெண்டல் எகிறிக் குதித்தார். இருபது வருஷமாகக் காத்திருந்த மோசடி கடைசியில் சொந்த ஊரிலேயே கிடைத்துவிட்டதில் அவருக்கு ஒருபுறம் சந்தோஷம் என்றுகூட எனக்குத் தோன்றியது. மறு எண்ணிக்கை கேட்டு மனுப் போட முதல் ஆளாக ஓடினார். எங்கள் மாநிலத்தில் இப்படிப்பட்ட கேள்விக்கு மறு எண்ணிக்கை கேட்பவர், அந்தக் கேள்விக்கு ஓட்டுப் போட்டவராக இருக்க வேண்டும். போட்டேன் என்று சத்தியம் செய்து மனுவில் எழுதித் தர வேண்டும். போடாதவர் கேட்டால் மனு செல்லாது, அதன்பேரில் எண்ணியதும் செல்லாது. ஜோலீன் இதை வாசித்துக் காட்டினாள். வெண்டல் பாதியிலேயே பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார்.

மான் வேட்டை தொடங்கின முதல் திங்கட்கிழமை எண்ணிக்கை வைத்தார்கள். அந்த வாரத்தில் எங்கள் ஊரில் சாவுகூட ஒத்திப்போடப்படும். வந்தவர்கள் காட்டில் குண்டடி படாமலிருக்கப் போட்டுக்கொள்ளும் ஆரஞ்சுக் கோட்டோடே வந்து உட்கார்ந்தார்கள். எண்ணுகிற மேசையில் ஜோலீன், நான், இன்னொருவர். எங்களுக்கு எதிரே ஒரு பக்கம் ராய்ஸ் டெம்மர், மறுபக்கம் நோட்டுப்புத்தகமும் பேனாவுமாக வெண்டல், அவர் பக்கத்தில் ஆர்டிஸ்.

எண்ணத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் ஒரு சீட்டு கிடைத்தது. யாரோ வட்டத்தைக் கருப்பாக்காமல், ஆம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பெரிதாக டிக் அடித்திருந்தார்கள். இயந்திரம் அதைக் காலி என்று எடுத்துக்கொண்டிருந்தது. மனுஷக் கண்ணுக்கு அது ஆம்தான். ராய்ஸும் உதட்டைப் பிதுக்கிவிட்டுத் தலையாட்டினார். முந்நூற்றிரண்டு, முந்நூற்றொன்று. ஆர்டிஸ் காலையிலிருந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவள், அப்போதுதான் முதுகைச் சாய்த்தாள். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதிகாரி அழக்கூடாது என்று குனிந்துகொண்டேன்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஜோலீன் தாளை எடுத்து, காலிச் சீட்டுகளை எல்லாரும் ஒரு தடவை பார்த்தாயிற்று, யாருக்கும் ஆட்சேபம் இல்லையென்றால் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். ராய்ஸ் கோட்டுப் பொத்தானைப் போட ஆரம்பித்துவிட்டார். ஜெயித்தவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் வெண்டலுக்கு ஜெயித்தது போதவில்லை, திருடன் வேண்டியிருந்தது.

"நூத்தி நாப்பது பேர் காலியா விடுவாங்களா? எவனோ அழிச்சிருக்கான். ஒண்ணொண்ணா தூக்கிக் காட்டுங்க, நான் பாக்கணும்."

"போதும்டா வெண்டல். உக்காரு," என்றாள் ஆர்டிஸ்.

"நீ சும்மா இரு. உனக்கு இதெல்லாம் தெரியாது."

மனுதாரர் கேட்டால் காட்டித்தான் ஆகவேண்டும். நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கத்தைக் காட்டினேன். பிறகு, வாக்காளர் வேறெங்காவது ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று முன்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அதுவும் விதிதான். வெண்டல் ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். நடுநடுவே தலையில் அடித்துக்கொண்டார். இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போடுகிற ஜனங்களை வைத்துக்கொண்டு ஒரு நாடு எப்படி உருப்படும் என்று என்னிடம் கேட்டார். நான் அறுபதாவதோ அறுபத்தொன்றாவதோ சீட்டை எடுத்தேன். பின்பக்கம் காலி. திருப்பினேன். பத்திரப் பதிவாளர் பதவிக்கு நேரே, வேறு பெயர் எழுத விட்டிருக்கும் கோட்டில், கொட்டை எழுத்தில் பிக்கிள்ஸ் என்று எழுதியிருந்தது.

பிக்கிள்ஸ் என்பது வெண்டலின் நாய். ஆறு வருஷத்துக்கு முன் செத்துப்போயிற்று. எங்கள் மாவட்டப் பத்திரப் பதிவாளரை எதிர்த்து யாரும் நிற்பதே இல்லை. போட்டியில்லாத தேர்தல் தேர்தலே அல்ல என்ற கொள்கையில், வெண்டல் ஒவ்வொரு தடவையும் தன் நாயின் பெயரை எழுதுவார். எழுதிவிட்டு ஊர் முழுக்கச் சொல்வார். நாய்க்கு ஒரு ஓட்டு விழுந்ததும் எல்லாரும் சிரிப்போம். உயிரோடிருந்த காலத்தில் அந்த நாய் கடிக்காத ஆள் ஊரில் மிச்சமில்லை. எனக்கு முழங்காலுக்குக் கீழே தையல் இருக்கிறது. வெண்டலைத் தவிர வேறு யாரும் அதன் பெயரை அன்போடு எழுதியிருக்க வழியே இல்லை.

வெண்டலின் பேனா நோட்டின் மேல் நின்றுபோயிருந்தது. முகம் சாம்பலாகிவிட்டது. நான்கு வருஷத்துக்கு முன் அவரைத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் அந்த நிறத்தைப் பார்த்திருந்தேன். ஆர்டிஸ் சீட்டைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராய்ஸ் டெம்மர் கோட்டுப் பொத்தானை மறுபடி அவிழ்த்தார். இது வெண்டலின் சீட்டுதானே என்று ஜோலீனிடம் கேட்டார். ஓட்டு ரகசியம், சீட்டு யாருடையது என்று யாரும் கேட்கக்கூடாது என்றாள் ஜோலீன். சீட்டைப் பற்றிக் கேட்கவில்லை, மனுவைப் பற்றிக் கேட்கலாமல்லவா என்றார் ராய்ஸ். அது கேட்கலாம். அவர் கெட்ட மனிதர் அல்ல, ஆனால் முட்டாளும் அல்ல.

"வெண்டல், நீ சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்திருக்க. எல்லார் முன்னாடியும் சொல்லு. ஆம்புலன்ஸ் கேள்விக்கு நீ ஓட்டுப் போட்டியா, இல்லையா?"

இருபது வருஷமாக இந்த மனிதர் என் காதில் ஓதியதெல்லாம் ஒன்றுதான். ஓட்டு புனிதமானது, அதில் பொய் கலந்தவனைத் தூக்கில் போட வேண்டும். போடவில்லை என்று உண்மையைச் சொன்னால் மனு செல்லாது. டிக் அடித்த சீட்டு மறுபடி குப்பை, சரிசமம், தோல்வி, டிசம்பரோடு வண்டி நின்றுபோகும். போட்டேன் என்றால் வண்டி இருக்கும். அவர் அக்காவின் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அந்த வார்த்தை வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

"போட்டேன்," என்றார் வெண்டல். "ஆமான்னு போட்டேன்."

"அப்ப இந்த பிக்கிள்ஸ்?"

"நல்ல நாய். நெறைய பேருக்குப் பிடிக்கும்."

ராய்ஸ் தன் இடது மணிக்கட்டில் இருந்த பழைய பல்தழும்பைத் தடவிக்கொண்டு அவரையே பார்த்தார். நான் ஜோலீனைப் பார்த்தேன். அவள் கணுக்காலிலும் ஒன்று உண்டு. யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் ராய்ஸ், தன் ஆட்சேபத்தை எழுதிக்கொள்ளும்படி சொல்லிவிட்டு எழுந்துபோனார். கோர்ட்டுக்குப் போக அவருக்கு ஐந்து நாள் அவகாசம் இருந்தது. மான் வேட்டைக்கு ஆறு நாள் மிச்சமிருந்தது. எங்கள் ஊரில் எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

எல்க் ரன்னில் தேர்தல் மோசடி நடக்கிறது என்று வெண்டல் க்ருப்கா இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று பகல் பதினொன்றே காலுக்கு அது உண்மையாயிற்று. அவர் ஜோடித்தார், நானும் ஜோலீனும் சத்தியம் செய்த அதிகாரிகளாக அதன் கீழே கையெழுத்துப் போட்டோம். எனக்கு அதில் வெட்கம் இருக்கிறது. ஆனால் மறுபடி அந்தத் தாளை நீட்டினால் மறுபடியும் போடுவேன்.

வெளியே பனி தூற ஆரம்பித்திருந்தது. நான் என் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நாலடி தள்ளி டிரக்கின் கதவைப் பிடித்தபடி வெண்டல் நின்றிருந்தார். ஆர்டிஸ் அவர் முன்னால் போய் நின்றாள். அக்காவுக்காகப் பொய்ச் சத்தியம் செய்தவர், அவள் தோளில் தட்டிக்கொடுப்பாள் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். வாயைத் திறக்கப் பார்த்தார்.

"எனக்காகத்தான் ஆர்டிஸ்..." என்று தடுமாறி, "உனக்காகத்தான்," என்று திருத்திக்கொண்டார்.

ஆர்டிஸ் குரலை உயர்த்தவில்லை. நோயாளியிடம் பேசுவதுபோல நிதானமாகத்தான் பேசினாள்.

"பொய் சொன்னதை மன்னிச்சுட்டேன்டா வெண்டல். அது கஷ்டமா இல்ல. அந்தத் தாளைத் திருப்ப உனக்கு ஒரு செகண்டு ஆயிருக்கும். அதைத்தான் எப்படி மன்னிக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

அவள் இடுப்பில் வாக்கிடாக்கி கீச்சிட்டது. மேற்கே ஏரிக்கரைப் பக்கம், மரத்துமேல் பரண் போட்டு மானுக்குக் காத்திருந்த யாரோ தவறிக் கீழே விழுந்துவிட்டாராம். ஆர்டிஸ் கொட்டகையை நோக்கி ஓடினாள். வெண்டல் டிரக்கைப் பின்னால் எடுத்து அவள் வண்டிக்கு வழி விட்டார்.